சென் நதியில் பிறந்த விமானக் குழாய்

கோலாலம்பூர் விமான நிலையத்தில் காத்திருக்கும்போதெல்லாம் நான் விமானத்தின் மூக்குப் பகுதியைத்தான் பார்ப்பேன். விமானி அறைக்குக் கீழே சிறு குழாய்கள் சில முன்னோக்கித் துருத்திக்கொண்டிருக்கும். அவற்றை ஏதோ ஆண்டெனா என்றே பல காலம் நினைத்திருந்தேன். உண்மையில் அவை பிட்டோ குழாய்கள். காற்றை ஊடுருவி எவ்வளவு வேகத்தில் பறக்கிறோம் என்பதை விமானிக்குச் சொல்பவை. இந்தப் பெயருக்கு உரியவரோ விமானத்தையே பார்த்ததில்லை. ரைட் சகோதரர்கள் பறப்பதற்கு 132 ஆண்டுகளுக்கு முன்பே அவர் காலமாகிவிட்டார்.

ஆன்ரி பிட்டோ 1695ஆம் ஆண்டு தெற்கு பிரான்சில், ரோன் நதிக்கரையிலுள்ள அராமோன் என்ற ஊரில் பிறந்தார். பள்ளிப் படிப்பு அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. சிறிது காலம் படையில் இருந்தார். அப்படி இருக்கையில், கிரனோபிள் நகரின் ஒரு புத்தகக் கடையில் வடிவியல் நூல் ஒன்று கண்ணில் பட, அதை வாங்கினார். அந்த நூல் அவரை மாற்றிவிட்டது. ஊர் திரும்பி, மூன்று ஆண்டுகள் வீட்டிலிருந்தே கணிதமும் வானியலும் கற்றார். கணக்கு என்றாலே முகம் சுளிக்கும் மாணவர்களைக் காணும்போது, அந்தப் புத்தகக் கடைதான் என் நினைவுக்கு வரும்.

1718இல் பாரிஸ் சென்றார். அங்கே ரியோமுர் என்ற அறிவியலாளர் அவரை ஆதரித்துத் தம் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக வைத்துக்கொண்டார். 1724இல் பிட்டோ அறிவியல் கழகத்தில் இடம்பெற்றார். ஒரு வட்டத்தைத் தொட்டுச் சூழ்ந்திருக்கும் நாற்கரத்தில் எதிரெதிர்ப் பக்கங்களின் கூட்டுத்தொகை சமமாக இருக்கும் என்ற தேற்றம் இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. வரைந்து அளந்து பாருங்கள்.

ஆனால், அவர் பெயரை நிலைக்க வைத்தது 1732இல் சென் நதியில் செய்த சோதனைதான். அக்காலத்தில் நீரோட்டத்தின் வேகத்தை அறிய மிதவையை விட்டுப் பார்ப்பார்கள். அது நீரின் மேற்பரப்பின் வேகத்தை மட்டுமே காட்டும். ஆழத்தில் என்ன நடக்கிறது? கீழே போகப் போக வேகம் கூடும் என்றே பலரும் நம்பினர். பிட்டோ ஒரு மரச்சட்டத்தில் இரு கண்ணாடிக் குழாய்களைப் பொருத்தினார். ஒன்று நேரானது, மற்றது கீழ்முனையில் வளைந்து, ஓட்டத்தை எதிர்நோக்கி வாய் திறந்திருப்பது. நதியில் இறக்கியதும் வளைந்த குழாயில் மோதிய நீர் மேலே ஏறியது. அந்த ஏற்றத்தின் உயரமே வேகத்தின் அளவு. நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நீர் ஓடினால் சுமார் 5 சென்டிமீட்டர் ஏறும்; 2 மீட்டர் என்றால் சுமார் 20 சென்டிமீட்டர். வேகம் இரட்டித்தால் உயரம் நான்கு மடங்காகும். இப்படி வெவ்வேறு ஆழங்களில் அளந்தபோது, கீழே செல்லச் செல்ல வேகம் குறைவதைக் கண்டார். ஊர் நம்பிக்கை பொய்த்தது.

அதன்பின் லாங்கடாக் பகுதியின் பொறியாளராகப் பல ஆண்டுகள் உழைத்தார். மான்பெலியே நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த கால்வாய்ப் பாலம் அவர் கட்டியது. 1771இல், பிறந்த ஊரிலேயே இறந்தார். அவருடைய குழாயை 1850களில் ஆன்ரி டார்சி என்ற பொறியாளர் செம்மைப்படுத்தினார். பிறகு அது வானத்துக்குச் சென்றது.

விமானத்தில் நீருக்குப் பதிலாகக் காற்று. முன்னோக்கிய குழாயில் மோதி நிற்கும் காற்றின் அழுத்தத்தையும், விமான உடலின் பக்கவாட்டிலுள்ள சிறு துளைகள் அறியும் சாதாரண அழுத்தத்தையும் ஒப்பிட்டு வேகம் கணக்கிடப்படுகிறது. ஜிபிஎஸ் இருக்கிறதே என்று கேட்கலாம். அது தரைக்கு எதிரான வேகத்தைத்தான் சொல்லும். இறக்கையைத் தூக்கி நிறுத்துவது காற்றுக்கு எதிரான வேகம்.

குழாய் உறையாமலிருக்க மின்சாரத்தால் சூடேற்றுகிறார்கள். அப்படியும் 2009 ஜூன் 1ஆம் நாள், ரியோவிலிருந்து பாரிஸ் சென்ற ஏர் பிரான்ஸ் 447 விமானத்தின் குழாய்களைப் பனித்துகள்கள் அடைத்தன. வேக அளவு குழம்பியது. தானியங்கிக் கட்டுப்பாடு விலகியது. விமானிகளால் நிலைமையைச் சமாளிக்க முடியவில்லை. 228 பேர் அட்லாண்டிக் கடலில் மாண்டனர்.

நமக்கு நெருக்கமான சம்பவமும் உண்டு. பிரிஸ்பேன் விமான நிலையத்தில் குளவிகள் இக்குழாய்களுக்குள் மண்கூடு கட்டிவிடும். அதைத் தடுக்க, விமானம் நிற்கும் நேரத்தில் உறை போடுவார்கள். 2018 ஜூலையில் கோலாலம்பூருக்குக் கிளம்பிய விமானத்தில் மூன்று உறைகளையும் கழற்ற மறந்துவிட்டார்கள். வேகம் காட்டும் கருவிகளை நம்ப முடியாத நிலையில் விமானம் இரவில் மேலெழுந்தது. விமானிகள் அதைத் திருப்பிக் கொண்டுவந்து பிரிஸ்பேனிலேயே பத்திரமாகத் தரையிறக்கினார்கள்.