குறிக்கோளின் அளவு: ஜி. டி. நாயுடுவின் வாழ்க்கை

மாணவராகிய நம்முள் குறிக்கோள் இல்லாதார் ஒருவருமிலர். கல்லூரி திறக்கும் நாளில் ஒவ்வொருவர் உள்ளத்தும் ஒரு கோட்டை எழுகின்றது. தேர்வு நெருங்கும் நாளில் அதன் சுவடும் காணப்படுவதில்லை. யாமும் சென்ற விடுமுறையில் பத்துப்பாட்டையும் எட்டுத்தொகையையும் உரையுடன் ஓதி முடிப்பதென உறுதி பூண்டு, குறுந்தொகையின் பாதியிலேயே விடுமுறை கழியக் கண்டு நாணினோம். குறை எம் ஊக்கத்திலா, அன்றி யாம் கொண்ட குறிக்கோளின் அளவிலா என்று எண்ணிப் பார்க்கையில், கொங்கு நாடு ஈன்ற தொழிலறிஞர் ஜி. டி. நாயுடு அவர்களின் வாழ்க்கை எம் கருத்திற்கு வந்தது. அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், 1893-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23-ஆம் நாள், உழவர் குடியொன்றில் துரைசாமி பிறந்தார். தந்தையார் பெயர் கோபாலசாமி. பள்ளியில் அவர் மனம் பற்றவில்லை. தொடக்கக் கல்வியோடு படிப்பு நின்றது. பிற்காலத்தில் இந்தியாவின் எடிசன் என்று புகழப்பட்ட பெரியாருக்குக் கல்லூரி வாயிலை மிதிக்கும் பேறு இளமையில் வாய்க்கவில்லை என்பது நாம் நினைவில் வைக்கத்தக்கது.

ஒரு நாள் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் வருவதை அவ்விளைஞர் கண்டார். மாடும் குதிரையும் இழுக்காமல் தானே ஓடும் அவ்வண்டி அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அத்தகைய வண்டி ஒன்றைத் தாமும் அடைய வேண்டும் என்பதே அவர் கொண்ட முதற் குறிக்கோள். கண்டு வியந்து பெருமூச்செறிந்தார் பலர் இருப்பர். நாயுடுவோ அதனை அடையும் வழியை ஆராய்ந்தார். கோவை சென்று உணவு விடுதியொன்றில் பரிமாறும் பணியில் அமர்ந்தார். கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, ஒரு ரட்ஜ் வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றப் புறப்பட்டாரா? இல்லை. அதனை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்தார், மீண்டும் பூட்டினார். அதுவே அவருக்குப் பொறியியற் கல்லூரியாயிற்று.

அடுத்து அவர் கால் வைத்த இடம் திருப்பூர். இன்று பின்னலாடையால் உலகெங்கும் பெயர் விளங்கும் அந்நகரம், அந்நாளில் பருத்திச் சந்தைக்கும், பருத்தியினின்று கொட்டை நீக்கும் ஆலைகளுக்கும் பெயர் பெற்றிருந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் நாயுடு ஆங்கு ஒரு பருத்தி ஆலை நடத்திப் பெரும்பொருள் ஈட்டினார். கொங்கு நாட்டுக் கரிசல் நிலமும், அதில் விளையும் பஞ்சும், அதனை விற்கும் மாந்தரும் அவர் நன்கு அறிந்தவை. அறிந்த களத்தில் அவர் கை ஓங்கியது.

அவ்வெற்றியே அவருக்குச் சோதனையாயிற்று. ஈட்டிய பொருளைப் பன்மடங்காக்கும் அவாவுடன் பம்பாய்க்குச் சென்று, அங்குள்ள பருத்திப் பெருவணிகரிடையே தாமும் வணிகத்தில் இறங்கினார். அச்சந்தையின் ஏற்றத்தாழ்வு வேறு. ஆங்குப் புழங்கும் செல்வம் வேறு. திருப்பூரில் தேடிய பொருள் முழுவதும் பம்பாயில் கரைந்தது. வெறுங்கையுடன் ஊர் திரும்பினார்.

திருவள்ளுவனார் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தது காரணம் பற்றியே என்று இவ்விடத்தில் யாம் உணர்கின்றோம். மோட்டார் சைக்கிளை விரும்பியபோது நாயுடு தம் வலியை அறிந்திருந்தார்; திருப்பூரில் காலமும் இடமும் அறிந்திருந்தார்; பம்பாயிலோ தம் கையிலுள்ளதை அளவாகக் கொள்ளாது, பிறர் செல்வத்தை அளவாகக் கொண்டார். ஊக்கம் மூன்றிடத்தும் ஒன்றே. அளவுகோல் மட்டுமே மாறியது.

வீழ்ந்தவர் என்ன செய்தார் என்பதே இவ்வரலாற்றின் உயிர்நிலை. இழந்ததை ஒரே வீச்சில் மீட்போம் என்று அவர் மீண்டும் சூதாடவில்லை. கோவையில் தொழிலும் கல்வியும் வளர்த்த ராபர்ட் ஸ்டேன்ஸ் துரையின் நிறுவனத்தில் பணியில் சேர்ந்தார். அத்துரையின் கடனுதவி பெற்று, 1920-ஆம் ஆண்டில் ஒரே ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதனைத் தாமே ஓட்டினார். ஒரு வண்டி, ஒரு வழி: குறிக்கோள் இவ்வளவே. ஆயினும் அதனைக் குறைவறச் செய்தார். வண்டி குறித்த நேரத்தில் புறப்பட்டுக் குறித்த நேரத்தில் சேர வேண்டும் என்பதில் கண்ணும் கருத்துமாயிருந்தார். ஒன்று இரண்டாயிற்று, இரண்டு பலவாயிற்று. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் அவருடைய நிறுவனம் 1933-ஆம் ஆண்டளவில் ஏறக்குறைய 280 பஸ்களை உடையதாய் விளங்கிற்று.

பஸ்கள் பழுது நீக்கும் பட்டறையை வேண்டின. பட்டறை புதிய கருவிகளைப் பிறப்பித்தது. 1937-ஆம் ஆண்டில், பாலசுந்தரம் நாயுடு அவர்களுடன் கூடி, இந்நாட்டின் முதல் மின்சார மோட்டாரைக் கோவையில் உருவாக்கினார். மின்சாரச் சவரக் கத்தி, குறைந்த விலை வானொலிப் பெட்டி எனப் பின்னும் பல வந்தன. காலையில் அடித்தளமிட்டு அந்தி சாயுமுன் ஒரு வீட்டையே கட்டி முடித்துக் காட்டினார். அது மாயமன்று, வேண்டுவன யாவும் முன்னரே எண்ணிச் சேர்த்து வைத்திருந்ததன் பயன்.

நிற்க. அவர் எண்ணியவெல்லாம் நிறைவேறின என்று கூறின் அது புனைந்துரையாகும். 1945-ஆம் ஆண்டில் கோவையில் தொழிற்கல்லூரி தோன்றப் பொருளுதவி செய்தார்; பொறியியற் படிப்பின் ஆண்டுகளைச் சுருக்கலாம் என்ற அவர் கருத்தை அரசினர் ஏற்காமையால் விலகிக் கொண்டார். 1952-ஆம் ஆண்டில் இருவர் அமரும் சிறிய காரை 2000 ரூபாய்க்குத் தர முன்வந்தார். அதனைச் செய்து விற்க அரசாங்கம் உரிமம் வழங்கவில்லை. தம் உழைப்பால் முடிவன அவருக்கு முடிந்தன. பிறர் இசைவை எதிர்நோக்கியவை நின்று போயின. குறிக்கோள் கொள்வார் இவ்விரண்டையும் பிரித்தறிதல் நன்று. ஆயினும், இசைவு கிட்டாது என்று அஞ்சி அவர் முயலாதிருந்தாரல்லர் என்பதையும் மறத்தலாகாது.

1974-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4-ஆம் நாள் நாயுடு இவ்வுலக வாழ்வை நீத்தார். 2025-ஆம் ஆண்டில் கோவை அவினாசி சாலையில் திறக்கப்பெற்ற நீண்ட மேம்பாலம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. கோவையை விட்டுத் திருப்பூர்ப் பக்கம் செல்வோர் பலர் நாள்தோறும் அதன்மீதே விரைகின்றனர்.

திருப்பூர்ப் பகுதியினின்று நம் கல்லூரிக்கு வரும் தோழர் பலர் பனியன் கம்பெனிகளின் ஓசையிடையே வளர்ந்தவர். அவர்கள் வீட்டார் செய்யும் தொழிலே இப்பாடத்தை நமக்குக் கற்பிக்கின்றது. தையற்பொறியின் முன் அமர்பவர் கப்பலேற வேண்டிய ஆயிரமாயிரம் ஆடைகளையும் எண்ணி மலைப்பதில்லை. தம் முன் வைத்த கட்டினைத் தைத்து முடித்து, அடுத்த கட்டினை எடுக்கின்றார். மாலையில் எத்தனை முடிந்தன என்று எண்ணவும் அவருக்குத் தெரியும்.

யாமும் இவ்வாண்டு எம் கோட்டையைக் கலைத்துவிட்டோம். நாளொன்றுக்குக் குறுந்தொகைச் செய்யுள் இரண்டு என்று வகுத்துக் கொண்டோம். இம்மலர் அச்சேறும் நாளுக்குள் அந்நூல் முடிந்துவிடும், பின்னர் நற்றிணை. பம்பாய்க்குப் போகுமுன் பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு ஒரு வண்டியைச் செவ்வனே ஓட்டிக் காட்டுவோம்.