தாழ்சுருதியின் தனிக்குரல்: ஜாக்கோ பாஸ்டோரியஸ்

மேலைநாட்டு இசைக்குழுவில் பேஸ் கிட்டார் நெடுங்காலம் பின்னின்று தாங்கும் கருவியாகவே இருந்தது. பாட்டும் அதைத் தொடரும் கிட்டாரும் கேட்போர் நெஞ்சில் நிற்கும். அவற்றைச் சுமந்த தாழ்சுருதியைத் தனியே எண்ணிப் பார்ப்போர் சிலரே. அக்கருவியை அவையின் முன்னே நிறுத்திப் பாடவும் வைத்தவர் ஜாக்கோ பாஸ்டோரியஸ். ராக், ஜாஸ், கரீபியத் தீவுகளின் இசை ஆகிய மூன்றும் அவர் விரல்களில் ஒன்று கலந்தன. அவர் வாழ்ந்ததோ 35 ஆண்டுகளே.

1951 டிசம்பர் 1 அன்று, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து நாரிஸ்டவுன் நகரில் பிறந்தார். தந்தையார் பாடகர், டிரம்ஸ் கலைஞரும் ஆவார். ஜாக்கோவின் சிறுவயதிலேயே குடும்பம் புளோரிடா மாநிலத்தின் ஃபோர்ட் லாடர்டேல் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. கியூபா வானொலியின் தாளங்களும், தீவுகளின் எஃகு முரசொலியும், கறுப்பின மக்களின் சோல் பாடல்களும் அக்கடற்கரையில் ஒருசேரக் கேட்டன. எதையும் அயலிசை என்று ஒதுக்காத செவி அவருக்கு அங்கே வாய்த்தது. தந்தையாரைப் போல் முதலில் டிரம்ஸே பயின்றார். பந்தாட்டத்தில் மணிக்கட்டு காயமுறவே, பின்னர் பேஸுக்கு மாறினார். மரத்தாலான பெரிய டபுள் பேஸ் ஒன்று ஈரக்காற்றில் வெடித்துப் போக, மின் பேஸே அவர் கையில் நிலைத்தது.

வீணையைப் போலவே பேஸ் கிட்டாருக்கும் மெட்டுகள் உண்டு. 1962-ஆம் ஆண்டைச் சேர்ந்த அவருடைய ஃபெண்டர் ஜாஸ் பேஸில் அம்மெட்டுகள் நீக்கப்பட்டிருந்தன. அவை இருந்த பள்ளங்களை அடைத்து, படகுகளுக்குப் பூசும் எபாக்சியை மேலே பூசி மெருகேற்றினார். மெட்டில்லாப் பேஸ் அவருக்கு முன்பும் இருந்தது. அதில் மனிதக் குரலின் குழைவை வரவழைத்து உலகை வியக்க வைத்தவர் அவரே. மெட்டு இல்லாவிடில் சுரத்தின் இடத்தைக் காட்ட வேறொன்றும் இல்லை. மயிரிழை பிசகினாலும் அபசுரம். யாப்பைத் துறந்த கவிஞர்க்கு ஓசையைக் காக்கும் பொறுப்பு முழுவதும் செவியின்மேல் விழுவது போன்றதே அது. கட்டு நீங்கிய இடத்தில் பயிற்சி பன்மடங்காக வேண்டியிருந்தது.

கரீபியக் கடலில் உல்லாசக் கப்பல்களிலும், 1972-இல் வெய்ன் கோக்ரன் என்பாரின் குழுவிலும் வாசித்துக் கைதேர்ந்தார். 1976-இல் தம் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் இசைத்தட்டை வெளியிட்டார். டானா லீ என்னும் கடினமான ஜாஸ் உருப்படியை, டான் அலியாஸின் காங்கோ முரசு மட்டுமே துணையிருக்க, அதில் வாசித்திருந்தார். அதே ஆண்டு, ஜோ சாவினுலும் வெய்ன் ஷார்ட்டரும் நடத்திய வெதர் ரிப்போர்ட் குழுவில் சேர்ந்தார். ஜாஸையும் ராக்கையும் உலகத் தாளங்களையும் இணைத்த குழு அது. 1977-இல் வந்த ஹெவி வெதர் அவர் புகழை உலகெங்கும் பரப்பியது. அதிலுள்ள டீன் டவுன் என்னும் தம் ஆக்கத்துக்கு, பேஸுடன் டிரம்ஸையும் அவரே வாசித்தார். 1981-இல் வெளிவந்த வேர்ட் ஆஃப் மவுத் தட்டில், ஜெர்மானிய மேதை பாக்கின் இசையும் டிரினிடாடின் எஃகு முரசும் பெல்ஜியக் கலைஞரின் மவுத் ஆர்கனும் ஒன்றாய் அமர்ந்தன. முரசு ஒத்தெல்லோ மோலினோவுடையது. மவுத் ஆர்கன் டூட்ஸ் தீல்மன்ஸுடையது.

புகழின் உச்சியிலேயே வீழ்ச்சியும் தொடங்கியது. 1982-இல் ஜப்பான் பயணத்தின்போது அவர் நடத்தை உடனிருந்தோரைத் திகைக்க வைத்தது. இருமுனை மனநோய் என்று மருத்துவர் கண்டறிந்தனர். மது அதை வளர்த்தது. வீடின்றி நியூயார்க் வீதிகளில் திரிந்தார். 1986-இல் பூங்கா ஒன்றில் அந்த ஃபெண்டர் கருவியும் களவு போயிற்று. ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்குப் பின்னரே அது மீண்டும் வெளிப்பட்டது. 1987 செப்டம்பரில், புளோரிடாவின் வில்டன் மேனர்ஸ் ஊரில், இரவு விடுதி ஒன்றின் காவலர் தாக்கியதில் நினைவிழந்தார். செப்டம்பர் 21 அன்று உயிர் பிரிந்தது.

மறு ஆண்டே டவுன்பீட் இதழ் தன் புகழ்மன்றத்தில் அவர் பெயரைச் சேர்த்தது. அப்பெருமை அவர் வீதியில் உறங்கிய இரவுகளுக்கு உதவவில்லை. மேடையில் அவர் தடுமாறியதைக் கண்டோர் பலர். அதனைக் கலைஞனின் கிறுக்கு என்று கடந்து சென்றோரும் பலர். படைப்பைப் போற்றும் அவை, படைப்பாளி நோயுறும் நாளில் அவரருகே நிற்கவும் அறிந்திருக்க வேண்டும். ஜாக்கோவின் வாழ்வு விட்டுச் சென்ற கடன் அது.