சோடா நீர் தந்த பாதிரியார்

குழந்தைகளே! சோடா பாட்டிலைத் திறந்ததும் புஸ்ஸென்று சத்தம் வருகிறதே, ஏன் தெரியுமா? அழுத்தத்தில் தண்ணீரோடு கரைந்திருந்த கரியமில வாயு, மூடியைத் திறந்ததும் வெளியே ஓடி வருகிறது. இந்த வாயுவைத் தண்ணீரில் கரைக்கும் முறையை உலகுக்குச் சொன்னவர் ஜோசப் பிரீஸ்ட்லி.

இவர் 1733ம் ஆண்டு மார்ச் 13ம் தேதி, இங்கிலாந்தில் லீட்ஸ் நகருக்கு அருகே பிறந்தார். ஆறு வயதில் தாயை இழந்தார். அத்தைதான் வளர்த்தார். பேசும்போது வாய் திக்கும். ஆனாலும் மனம் தளராமல் படித்து ஆசிரியராகவும் பாதிரியாராகவும் ஆனார்.

1767ம் ஆண்டு லீட்ஸ் நகரில் குடியேறினார். வீட்டின் அருகே பீர் தயாரிக்கும் ஆலை இருந்தது. அங்கே தொட்டிகளில் தானியக் கரைசல் நொதித்துப் பொங்கும். அதன் மேல் ஒரு வாயு தேங்கி நிற்பதைப் பிரீஸ்ட்லி கண்டார். எரியும் குச்சியை அதில் நீட்டினால் உடனே அணைந்துவிடும். அந்த வாயுவுக்குள் கையை நீட்டி, ஒரு டம்ளரிலிருந்து இன்னொரு டம்ளருக்குத் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினார். குடித்துப் பார்த்தால் சுருக்கென்று ஒரு புதிய சுவை! வாயு தண்ணீரில் கரைந்திருந்தது.

பிறகு சுண்ணக்கட்டியையும் கந்தக அமிலத்தையும் சேர்த்து அந்த வாயுவைத் தாமே தயாரித்தார். செய்முறையை 1772ல் சிறு நூலாக வெளியிட்டார். மாலுமிகளை வாட்டிய ஸ்கர்வி நோயை இந்த நீர் தீர்க்கும் என்று நம்பினார். அது பலிக்கவில்லை. இருந்தாலும் 1773ல் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளே பதக்கம் அளித்தது. பின்னாளில் சோடா விற்றுப் பணம் சம்பாதித்தவர்கள் வேறு சிலர். பிரீஸ்ட்லி அதில் ஒரு காசும் தேடவில்லை.

அக்காலத்தில் வாயுக்களைத் தண்ணீர்த் தொட்டியில் கவிழ்த்த ஜாடிகளில் பிடிப்பார்கள். அமோனியா போன்றவை தண்ணீரில் மளமளவென்று கரைந்து மறைந்துவிடும். பிரீஸ்ட்லி தண்ணீருக்குப் பதில் பாதரசத்தை ஊற்றி அவற்றையும் பிடித்தார். 1774 ஆகஸ்ட் 1ம் தேதி, பெரிய லென்ஸ் மூலம் சூரிய ஒளியைக் குவித்து, செந்நிறப் பாதரச ஆக்சைடைச் சூடாக்கினார். வெளிவந்த வாயுவில் மெழுகுவத்தி மிகப் பிரகாசமாக எரிந்தது. அதுதான் ஆக்சிஜன்! அந்தப் பெயரைச் சூட்டியவர் பிரான்சு நாட்டு விஞ்ஞானி லவாய்சியர்.

பிரெஞ்சுப் புரட்சியையும், அரசு சமயத்துக்கு மாறான கொள்கைகளையும் ஆதரித்ததால் பிரீஸ்ட்லிக்குப் பகைவர்கள் பெருகினர். 1791 ஜூலையில் பர்மிங்காமில் ஒரு கும்பல் அவரது வீட்டையும் ஆய்வுக்கூடத்தையும் தீக்கிரையாக்கியது. பல ஆண்டு உழைப்பு சாம்பலானது. குடும்பத்தோடு உயிர் தப்பிய அவர், 1794ல் அமெரிக்கா சென்றார். அங்கும் ஆய்வுக்கூடம் அமைத்து ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1804 பிப்ரவரி 6ம் தேதி காலமானார்.

ஆய்வுக்கூடம் எரிந்தது; ஆர்வம் எரியவில்லை. அடுத்த முறை சோடா குடிக்கும்போது அவரையும் நினைத்துக்கொள்ளுங்கள், குழந்தைகளே!