மூதறிஞர் இராஜாஜியின் சிக்கனம்

அடையாற்றங்கரையில் பம்மலுக்கு அணித்தாயுள்ள அனகாபுத்தூர், நெசவாளர் ஊராகும். அங்கு நெய்த மதராஸ் கைக்குட்டைத் துணி ஒரு காலத்தில் நைஜீரியா நாடு வரை கப்பலேறிச் சென்றது. இன்று தறிகள் அருகிவிட்டன. எஞ்சிய சில வீடுகளில் வாழைநார் முதலியவற்றைக் கலந்து சேலை நெய்கின்றனர். இத்தகைய ஊர்களில் இராஜாஜியின் பெயர் இருவகையாக நினைக்கப்படும். வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே உரியன என வாதாடியவர் அவர்; நெசவாளர் பிள்ளையை அரைநாள் தறியடிக்கு அனுப்ப முற்பட்டவரும் அவரே. ஒரே மனிதர் ஒரே பதவிக் காலத்தில் இவ்விரண்டையும் செய்தது எங்ஙனம் என்னும் ஐயமே எம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டிற்று.

சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார் 1878ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், இந்நாளில் கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்த தொரப்பள்ளியில் பிறந்தார். பெங்களூரிலும் சென்னையிலும் கற்றுச் சேலத்தில் வழக்குரைஞராகப் புகழீட்டினார். அந்நகராட்சியின் தலைமையை 1917 முதல் 1919 வரை தாங்கினார். பின்னர் காந்தியடிகளைப் பின்பற்றித் தொழிலைத் துறந்ததும், சிறை புகுந்ததும், திருச்செங்கோட்டுக்கருகில் ஆசிரமம் கண்டதும், 1930இல் திருச்சிராப்பள்ளியினின்று வேதாரணியத்துக்கு நடந்து உப்பெடுத்ததும் பள்ளிச் சிறுவரும் அறிந்தனவாகலின் ஈண்டு விரித்திலம்.

நம் கல்லூரி பட்டணத்தை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்த அதே 1937ஆம் ஆண்டில் அவர் சென்னை மாகாணத்தின் முதன்மந்திரியானார்; நிதிப்பொறுப்பையும் தாமே வைத்துக்கொண்டார். அரசாங்கத்தின் பணம் குடிகளின் பணம், ஆகவே வீட்டுக் கணக்கினும் கடுமையாக அதனைப் பேணல் வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆயினும் அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்து, பெருவருவாய் ஒன்றைத் தாமே வேண்டாவென ஒதுக்கினார். குறைந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி பிறந்தது. கள்ளுக்கடையில் அழியும் காசு குடிசையிலேயே நிற்குமாயின் அதில் ஒரு சிறு கூறு வரியாக வருதல் தகும் எனக் கணக்கிட்டார் போலும். செல்வர்க்கும் வறியர்க்கும் ஒருசேர விழும் வரி அஃது என்பதையும் மறத்தற்கில்லை. ஆலயப் பிரவேசச் சட்டமும், உழவர் கடன் நிவாரணச் சட்டமும், கட்டாய இந்தியால் எழுந்த கிளர்ச்சியும் அவ்விரண்டேகால் ஆண்டுக்குள் அடங்கின.

இந்தியாவின் கடைசிக் கவர்னர் ஜெனரலாக 1950 வரை இருந்தவர், 1952 ஏப்ரலில் மீண்டும் சென்னையின் முதலமைச்சரானார். ஆலைத்துணியின் போட்டியால் தறிகள் நின்று நெசவாளர் பசியால் வாடிய காலம் அது. வேட்டி சேலைகளை ஆலைகள் நெய்யலாகாது என அவர் மத்திய அரசை விடாது நெருக்கினார். கேட்டது முழுதும் கிட்டவில்லை. ஆலைகளின் வேட்டி உற்பத்திக்கு ஓர் அளவு குறிக்கப்பட்டது. 1953இல் ஆலைத்துணிமீது கூடுதல் வரி விதித்து, அப்பணத்தைக் கைத்தறிக்கும் கதருக்கும் செலவிடச் சட்டம் பிறந்தது. வாணிகத்தில் அரசு தலையிடுவதைப் பிற்காலத்தில் வன்மையாகக் கண்டித்தவர், நெசவாளன் பொருட்டு அத்தலையீட்டைத் தாமே வேண்டிநின்றார். இம்முரணை அவர்பால் குற்றமாகக் காண எமக்கு மனம் வரவில்லை.

மற்றொன்றோ அத்தகையதன்று. எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கு வரவேண்டுமாயின் புதிய கட்டடமும் ஆசிரியரும் வேண்டும், அதற்குப் பணமில்லை. ஆதலின் 1953 ஜூன் மாதத்தில் ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஐந்து மணி நேரப் படிப்பை மூன்று மணியாக்கி, ஒரு பகுதியினர் காலையிலும் மற்றொரு பகுதியினர் மாலையிலும் வரச் செய்தார். எஞ்சிய பொழுதில் பிள்ளை தன் தந்தையின் தொழிலைப் பயில்க என்றார். காகிதத்தில் இது மிக நேர்த்தியான கணக்கு. செலவு ஏறாமலே பள்ளியில் இடம் இருமடங்காகும். ஏட்டறிவோடு கையறிவும் வளரும். ஆனால் தறிவீட்டின் நடைமுறையை அறிந்தவர் இக்கணக்கில் ஏமாறார். அங்கே தார் சுற்றச் சிறு கைகள் எப்போதும் தேவை. பாவு ஓட்ட ஆட்கள் எப்போதும் குறைவு. அரைநாள் வீட்டிலிருக்கும் பிள்ளை விரைவில் முழுநாளும் வீட்டிலிருக்கும். சலவைத் தொழிலாளியின் மகனுக்கும் தோட்டியின் மகனுக்கும் தந்தையின் தொழில் எதுவென நினைக்கும்போது இத்திட்டத்துக்குக் குலக்கல்வி எனப் பெயர் வாய்த்ததில் வியப்பில்லை. அவர் உள்ளத்தில் சாதியை நிலைநிறுத்தும் எண்ணம் இருந்தது என யாம் துணியோம். தம் மகளைக் காந்தியடிகளின் மகனுக்கு மணம் செய்வித்தவர் அவர். எனினும் சிக்கனத்தின் சுமை யார் தோளில் விழுகிறது என்பதை நோக்காமையே பிழையாயிற்று. பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகத்தாரும் எதிர்த்தனர். சொந்தக் கட்சியினரும் மனம் வேறுபட்டனர். 1954 ஏப்ரலில் அவர் பதவி நீங்கினார். காமராசர் அத்திட்டத்தை அடுத்த மாதமே கைவிட்டார்.

பாரதரத்தினப் பட்டம் பெற்று, இராமாயணத்தைச் சக்கரவர்த்தித் திருமகன் என எழுதி அமைந்திருக்கலாம். எண்பது வயதில் அவர் புதுப்போர் தொடுத்தார். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் அரசு 4,800 கோடி ரூபாய் செலவிடத் துணிந்தது. அதில் 1,200 கோடி பற்றாக்குறை நிதியால், அதாவது நோட்டு அச்சிட்டு நிரப்பக் கருதிய தொகை. இது விலைவாசியை உயர்த்தி ஏழையின் பையிலிருந்தே எடுக்கப்படும் மறைமுக வரி என இராஜாஜி கண்டார். தொழில் தொடங்க உரிமமும் பொருள் வாங்க அனுமதியும் கேட்டு அதிகாரி வாயிலில் நிற்கும் ஆட்சிக்குப் பெர்மிட் லைசென்ஸ் கோட்டா இராச்சியம் எனப் பெயரிட்டார். 1959இல் சுதந்தராக் கட்சி தோன்றியது. 1962இல் மக்களவையில் 18 இடமும் 1967இல் 44 இடமும் அது பெற்றது.

அத்தேர்தலில்தான் அவர் வாழ்வின் விசித்திரமான காட்சி நிகழ்ந்தது. மதச்சார்பின்மை என்பது தெய்வத்தை மறத்தல் அன்று எனச் சாதித்த வைணவர், கடவுள் மறுப்பாளரிடை வளர்ந்த அண்ணாதுரையோடு கைகோத்தார். ஒரு கையால் பூணூலைப் பிடித்துக்கொண்டு மறுகையால் உதயசூரியனுக்கு வாக்களியுங்கள் எனத் தம் குலத்தாரை வேண்டினார் என்று இன்றும் சொல்வர். வெற்றி பெற்ற அண்ணா 1967 மார்ச் 6ஆம் நாள் பதவியேற்றபோது கடவுளின் பெயரால் ஆணையிடாமல் உளமார உறுதி கூறினார். அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணை இரண்டு வழிகளையும் ஒருங்கே வைத்துளது.

இவ்வுறுதிமொழியை நாத்திகத்தின் கண்டுபிடிப்பெனக் கருதும் கிறிஸ்தவ நண்பர் பலர். உண்மை வேறு. மலைப்பிரசங்கத்தில் ஆணையிடுதலை ஆண்டவர் விலக்கியுள்ளமையால், நீதிமன்றத்தில் சத்தியம் செய்ய மறுத்துச் சிறையுற்றவர் குவேக்கர் என்னும் கிறிஸ்தவரே. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து அவர்பொருட்டே உறுதிமொழியை ஏற்றது. நாத்திகரான சார்லஸ் பிராட்லா 1880இல் தேர்ந்தெடுக்கப்பட்டும் ஆண்டுக்கணக்கில் பாராளுமன்ற இருக்கை பெறாது போராடி, 1888இல் அவ்வுரிமையை எல்லார்க்கும் பொதுவாக்கினார். பக்தனின் மனச்சான்று திறந்த வாயில் வழியே நாத்திகனும் நுழைந்தான் என்க.

திருமணத்திலும் இவ்வாறே. புரோகிதரும் தீவலமுமின்றி நடந்த சுயமரியாதைத் திருமணம் செல்லாதெனச் சென்னை உயர்நீதிமன்றம் 1953இல், இராஜாஜியின் ஆட்சிக் காலத்தில், தீர்ப்பளித்திருந்தது. அவர் தோள்கொடுத்து ஏற்றிய ஆட்சியே இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ பிரிவைச் சேர்த்து, முன் நடந்த அத்தகைய மணங்களையும் செல்லுமாறு செய்தது.

அந்நட்பு நெடிது நீடிக்கவில்லை. 1971இல் அவர் காமராசரோடு சேர்ந்து தேர்தலில் தோற்றார். அவ்வாண்டே வருவாய் கருதி மதுவிலக்கு தளர்த்தப்படவிருந்தபோது, முதலமைச்சர் கருணாநிதியின் இல்லத்துக்கு முதிர்ந்த வயதில் தாமே சென்று வேண்டாவென இரந்தார், பயனில்லை. கருவூலத்தின் காசைக் காத்த கை, கள்ளுக்காசைத் தொட மட்டும் இறுதிவரை இசையவில்லை.

1972ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள், நாம் கிறிஸ்து பிறந்த நாளைக் கொண்டாடிக்கொண்டிருந்த மாலையில், சென்னைப் பொது மருத்துவமனையில் இராஜாஜி உயிர் நீத்தார். நெடுங்காலம் அவரை அரசியலில் எதிர்த்து, தனிவாழ்வில் அவர் அறிவுரையை நாடிய பெரியார், தொண்ணூற்று மூன்று வயதில் சக்கர நாற்காலியில் சுடுகாட்டுக்கு வந்தார். சிதையருகே கண்ணீர் விட்டு அழுதார்.