இரு செவிக்கும் இசை தந்த பொறியாளர்

இசை கேட்கும் மென்பொருள்களில் 'இடம்', 'வலம்' என இரு முனைகளைக் கொண்ட ஒரு கோடு இருக்கும். அதிலுள்ள புள்ளியை நகர்த்தினால் ஒலி அந்தப் பக்கச் செவியில் ஓங்கும். உயர்தர இசைக்கான மென்பொருள்கள், இரு தடங்களை இடம் மாற்றவும், ஒன்றாக்கவும், இசையரங்கின் அகலத்தைக் கூட்டவும் குறைக்கவும்கூட வழிசெய்கின்றன. இவற்றுக்கான அடிப்படைக் கணக்கை 1931-ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தவர்களில் முதன்மையானவர் ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் ப்ளம்லைன்.

1903-இல் லண்டனில் பிறந்த அவர், தொலைபேசித் துறையில் பணியைத் தொடங்கினார். ஒரு கம்பியில் செல்லும் பேச்சு அடுத்த கம்பிக்குள் கசிவதைக் குறைப்பது அவரது தொடக்ககால ஆய்வுகளில் ஒன்று. 1929-இல் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தில் சேர்ந்தார். அது 1931-இல் வேறொரு நிறுவனத்துடன் இணைந்து இஎம்ஐ ஆனது.

பேசும் படங்கள் பரவிய காலம் அது. திரையின் ஒரு புறத்தில் நிற்கும் நடிகரின் குரல், ஒலிபெருக்கி இருக்கும் இடத்திலிருந்தே வந்தது. இந்தப் பொருத்தமின்மையே அவரைச் சிந்திக்கத் தூண்டியதாகக் கூறப்படுகிறது. 1931 டிசம்பர் 14 அன்று அவர் விண்ணப்பித்த காப்புரிமை, ஒலிப்பதிவு முதல் ஒலிபரப்பல் வரை ஒரு முழு அமைப்பையே விவரித்தது. இரு ஒலிவாங்கிகளை ஒரே இடத்தில் குறுக்காக வைத்துப் பதிவுசெய்யும் முறையும், இசைத்தட்டின் ஒரே பள்ளத்தின் இரு சுவர்களில் இரு தடங்களைப் பொறிக்கும் முறையும் அதில் உண்டு. இரு தடங்களின் கூட்டலையும் கழித்தலையும் தனித்தனியே கையாளும் உத்தியும் அதில் இருந்தது. கூட்டலில் நடுவிலுள்ள குரல் வலுப்பெறும். கழித்தலில் பக்கவாட்டு விரிவு வெளிப்படும். அகலத்தை மாற்றும் இன்றைய மென்பொருள்கள் செய்வதும் இதே கணக்கைத்தான்.

1934 ஜனவரியில், லண்டன் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் தாமஸ் பீச்சம் நடத்திய மோட்சார்ட் சிம்பொனியை அவரது குழு இம்முறையில் பதிவுசெய்தது. எனினும், அக்காலத்தில் அதற்குச் சந்தை உருவாகவில்லை. நிறுவனம் அவரைத் தொலைக்காட்சி ஆய்வுக்கு மாற்றியது. 1936-இல் பிபிசி தொடங்கிய தொலைக்காட்சி ஒளிபரப்பில் இஎம்ஐ பொறியாளர்களின் உழைப்பும் கலந்திருந்தது. அவர்களுள் அவரும் ஒருவர்.

பிறகு போர் வந்தது. விமானத்திலிருந்து இருளிலும் மேகத்தினூடாகவும் தரையைக் காட்டும் ரேடார் கருவியின் உருவாக்கத்தில் அவர் ஈடுபட்டார். அதைச் சோதித்துப் பார்க்கச் சென்ற ஹாலிஃபாக்ஸ் விமானம், 1942 ஜூன் 7 அன்று இயந்திரத்தில் தீப்பிடித்து ஹெரிஃபோர்ட்ஷயர் பகுதியில் விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த 11 பேரும் இறந்தனர். அப்போது ப்ளம்லைனுக்கு வயது 38. அவர் பெயரில் இருந்த காப்புரிமைகள் 128. ரேடார் ரகசியம் வெளிப்பட்டுவிடும் என்பதால் அவரது மரணம் பகிரங்கமாகப் பேசப்படவில்லை. நாட்டுக்காக உயிரிழந்தவருக்கு நாடறிந்த அஞ்சலிகூட உரிய நேரத்தில் கிடைக்கவில்லை.

ஸ்டீரியோ இசைத்தட்டுகள் 1950-களின் இறுதியில்தான் வணிகச் சந்தைக்கு வந்தன. அதற்குள் அவரது காப்புரிமை காலாவதியாகிவிட்டது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்திலும் இதே திசையில் தனித்த ஆய்வுகள் நடந்தன என்பதால் எல்லாப் பெருமையும் ஒருவருக்கே உரியதன்று. ஆயினும், அவருக்கு உரிய பங்கும் நெடுங்காலம் மறைந்தே கிடந்தது. இசைத் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது, அவர் மறைந்து 75 ஆண்டுகள் கழித்து, 2017-இல் வழங்கப்பட்டது.

ஓர் ஆய்வின் மதிப்பை அடுத்த ஆண்டின் விற்பனையைக் கொண்டு மட்டும் அளப்பவர்கள் இவ்வாழ்வை நினைவில் கொள்ள வேண்டும். ஒரு செவியில் கேட்கும் திறன் குறைந்தவர், இன்று இரு தடங்களையும் ஒன்றாக்கி முழுப் பாடலையும் ஒரே செவியில் கேட்கிறார். சந்தை இல்லை என ஒதுக்கப்பட்ட ஒரு சிந்தனை, அவரைப் போன்ற எண்ணற்றோருக்கு இன்று பயன்படுகிறது. கண்டுபிடிப்பாளர்களுக்கு நாம் தர வேண்டியது பின்னாளில் விருது மட்டுமன்று. வாழும்போதே பொறுமையும் வாய்ப்பும்தான்.