உப்பாய்க் கரைந்த அறம்

உலகிற்கு உப்பாயிருக்கப் பணிக்கும் விவிலியப் போதனை மரக்காணத்து உப்பளங்களை அறிந்த நமக்கு எளிதில் விளங்கும்: கரைந்தால்தான் உப்புக்குப் பயன். அவ்வாறு தம் மறையை வாழ்வில் கரைத்தவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை.

1826இல் குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். முன்சீப்பாக நீதி வழங்கினார். ஆங்கிலத் தீர்ப்புகளைத் தமிழாக்கினார். 1859இல் நீதிநூலை வெளியிட்டார். பெண்மதிமாலையால் இல்லந்தோறும் பெண்கல்வி வேண்டினார். 1876-78 தாதுவருடப் பஞ்சத்தில் தம் பொருளைப் பசித்தோர்க்கு ஈந்தார். சைவராகிய கோபாலகிருஷ்ண பாரதியார் அக்கொடையை வியந்து பாடினார். சர்வசமய சமரசக் கீர்த்தனைகளை எச்சமயத்தாரும் பாடுமாறு இயற்றினார். 1889இல் மறைந்தார்.

பத்தாண்டு நிறைந்த நம் வட்டத்துக் கவிஞர்க்கு அவ்வாழ்வு ஒரு வினாவை விட்டுச் சென்றுள்ளது: நம் சொல் எவர் பசியில், எவர் வீட்டுக் கலத்தில் கரைகிறது?