ஸர் சார்லஸ் பெல்

நெருப்பின்மேற் கைபட்டால், சூட்டை உணர்கின்றோம். உடனே கையை இழுத்துக்கொள்ளுகின்றோம். உணர்தல் ஒரு தொழில். இழுத்தல் மற்றொரு தொழில். இவ்விரண்டும் ஒரே நரம்பின் வழியே நிகழ்வனவா, வெவ்வேறு வழியே நிகழ்வனவா என்னும் வினாவுக்கு 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஐயமற்ற விடை இருந்ததில்லை. அவ்விடைக்கு வழிதிறந்தவருள் ஒருவராகிய ஸர் சார்லஸ் பெல் என்பாரது சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுகின்றோம்.

இவர் 1774-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஸ்காத்லாந்து தேசத்து எடின்பரோ நகரில் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். சித்திரந் தீட்டுவதில் இயல்பான திறமை பெற்றிருந்தார். தமையனார் ஜான் பெல் புகழ்பெற்ற ரணவைத்தியர். அவரிடமே சார்லஸ் சரீர சாஸ்திரம் பயின்றார். 1804-இல் இலண்டனுக்குச் சென்று, போதனையாலும் நூலெழுதுவதாலும் சீவனம் நடத்தினார். 1815-இல் வாட்டர்லூப் போர் முடிந்ததும் பிரஸ்ஸல்ஸ் நகருக்கு விரைந்து, காயமுற்ற வீரர்க்கு ஓய்வின்றிச் சிகிச்சை செய்தார். அவர்தம் காயங்களைச் சித்திரங்களாகவுந் தீட்டினார்.

இவர் ஆராய்ந்த பொருளைச் சிறிது விளக்குவாம். மூளையினின்று 12 இணை நரம்புகளும், முதுகெலும்பினுள்ளே இறங்கும் தண்டினின்று 31 இணை நரம்புகளும் புறப்படுகின்றன. தண்டின் நரம்பு ஒவ்வொன்றும் முன்வேர், பின்வேர் என இரு வேர்களால் ஆயது. பின்வேரில் ஒரு சிறு முடிச்சு உண்டு. பெல், முன்வேரைக் கத்திமுனையால் தொட்டவளவில் தசைகள் துடிப்பதையும், பின்வேரை அறுத்தபோது அவ்வாறு துடியாமையையும் கண்டார். இதனை 1811-இல் ஒரு சிறு நூலாக 100 பிரதிகள் மட்டும் அச்சிட்டு நண்பர்க்கு அனுப்பினார். ஆயினும் பின்வேரே உணர்ச்சியின் வழி என்று அந்நூலில் அவர் கூறினாரல்லர்.

தலை நரம்புகளிலும் அவர் கருத்துச் சென்றது. முகத்திற்கு ஐந்தாம் நரம்பும் ஏழாம் நரம்பும் வருகின்றன. முகத்தில் தோன்றும் கொடிய நோவைத் தீர்க்க எண்ணி, அக்காலத்து ரணவைத்தியர் சிலர் ஏழாம் நரம்பை அறுத்தனர். நோவு நீங்கவில்லை, முகமோ ஒரு புறம் கோணிப்போயிற்று. 1821-இல் தொடங்கி இராயல் சங்கத்திற்கு எழுதிய கட்டுரைகளில் பெல் இந்நரம்புகளின் தொழில்களை ஆராய்ந்தார். நகைத்தல், கண்மூடுதல் முதலிய முகத்தசைகளின் அசைவுக்கு ஏழாம் நரம்பு உரியது. முகத்தின் உணர்ச்சிக்கும் மெல்லுந் தொழிலுக்கும் ஐந்தாம் நரம்பு உரியது என்பது காலப்போக்கில் தெளிவாயிற்று. பயனற்ற அவ்வறுவை ஒழிந்தது. ஏழாம் நரம்பு செயலற்று முகம் கோணும் நோய் இன்றும் பெல் என்பாரின் பெயராலேயே வழங்குகின்றது.

1822-இல் பிரெஞ்சுப் பண்டிதர் மஜாந்தி, நாய்க்குட்டிகளின் பின்வேர்களை அறுத்து உணர்ச்சி மாத்திரம் ஒழிதலையும், முன்வேர்களை அறுத்து அசைவு ஒழிதலையும் ஐயமறக் காட்டினார். உயிருள்ள பிராணிகளை அறுப்பதை அருவருத்த பெல் அத்துணைத் தூரம் சென்றிலர். எனினும் அவரும் அவர் நண்பரும் அக்கண்டுபிடிப்பு முழுவதும் தம்முடையதே என வாதிட்டனர். அன்றியும், தம் பழைய கட்டுரைகளை 1824-இல் மறுபதிப்புச் செய்தபோது, மஜாந்தியின் முடிபுக்கு இசையுமாறு சில சொற்களை அவர் மாற்றினார் என்பது, இரு பதிப்புகளையும் ஒப்பிட்டோர் கண்ட உண்மை. பெரியோர் ஒருவரின் சரித்திரத்தில் இதனை எழுதுதல் நமக்கு வருத்தமே. மறைத்தல் அதனினுந் தவறாகும்.

1831-இல் ஸர் பட்டம் பெற்றார். 1833-இல் மனிதனுடைய கையின் அமைப்பைப் பற்றி நூலொன்று வெளியிட்டு, சிருஷ்டிகர்த்தாவின் ஞானம் அதில் விளங்குமாற்றை எடுத்துக்காட்டினார். 1836-இல் தாய்நகர் திரும்பி, சர்வகலாசாலையில் ரணவைத்தியப் பேராசிரியரானார். 1842-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-இல் இங்கிலாந்தில் ஹாலோ என்னும் ஊரில் உயிர்நீத்தார்.

முன்வேர் அசைவுக்கும் பின்வேர் உணர்ச்சிக்கும் உரியன என்னும் விதியைப் பிற்காலத்தார் பெல், மஜாந்தி என்னும் இருவர் பெயராலும் வழங்கலாயினர். பெல் கண்டது சிறிதன்று. மற்றவர் கண்டதைத் தமதாக்காமலே அவர் புகழ் நின்றிருக்கும். ஆய்வுக்கூடத்தில் நாம் எழுதும் குறிப்பேட்டில், கண்டதைக் கண்டவாறே எழுதி, பின்னர் ஓர் எழுத்தும் மாற்றாதிருத்தலே இச்சரித்திரம் மாணவராகிய நமக்குக் கற்பிக்கும் பாடமாம்.